காற்றிலிருந்து உரம் எடுத்த கார்ல் போஷ்

ஒரு யூரியா மூட்டையின் எடை 45 கிலோ. அதில் 46 சதவீதம் தழைச்சத்து. அதாவது ஒரு மூட்டையில் உங்கள் வயலுக்குப் போவது 20.7 கிலோ நைட்ரஜன். இந்த 20.7 கிலோவும் காற்றிலிருந்து எடுக்கப்பட்டது. எந்தச் சுரங்கத்திலும் வெட்டியதில்லை, எந்தக் கடலிலும் அள்ளியதில்லை.

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். உங்கள் ஒரு ஏக்கர் நிலத்துக்கு நேர் மேலே நிற்கும் காற்றில் மட்டும் 30,000 டன்னுக்கு மேல் நைட்ரஜன் இருக்கிறது. ஆனாலும் நெல்லுக்கு அதில் ஒரு கிராம் கூட நேரடியாகக் கிடைக்காது. காற்றில் இருக்கும் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பை உடைக்கப் பயிரால் முடியாது. உளுந்து, தக்கைப்பூண்டு வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம், வயல் நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசி போன்ற சில நுண்ணுயிர்களால் முடியும். மின்னலாலும் கொஞ்சம் முடியும்.

நுண்ணுயிர் செய்யும் அந்த வேலையைத் தொழிற்சாலைக்குள் கொண்டு வந்தவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த இருவர். சோதனைச்சாலையில் வழி கண்டவர் ஃபிரிட்ஸ் ஹேபர். அந்த வழியை டன் கணக்கில் ஓடும் ஆலையாக மாற்றியவர் கார்ல் போஷ். வேதிப் பொறியியல் என்று இன்று கல்லூரிகளில் கற்பிக்கும் துறையின் பல அடிப்படைப் பாடங்கள் போஷ் பட்ட பாட்டிலிருந்து வந்தவை. உரம் போடும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அவருடையது. அதில் பெருமையும் உண்டு, துயரமும் உண்டு.

குழாய்க் கடைக்காரர் மகன்

கார்ல் போஷ் 1874 ஆகஸ்ட் 27 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்தார். தந்தை எரிவாயுக் குழாய், தண்ணீர்க் குழாய்ப் பொருட்கள் விற்கும் வணிகர். டிராக்டர் டீசல் பம்பில் நீங்கள் பார்த்திருக்கும், நம் மெக்கானிக்குகள் பாஷ் என்று சொல்லும் நிறுவனத்தைத் தொடங்கிய ராபர்ட் போஷ் இவருடைய சித்தப்பா.

குழாய், திருகு, பற்றவைப்பு என்று வளர்ந்த பையனுக்கு உலோக வேலை கைவந்தது. கல்லூரிக்குப் போகும் முன் ஓர் உலோக ஆலையில் வார்ப்படம், தச்சு, இயந்திரப் பட்டறை ஆகியவற்றில் ஒரு வருடம் கை வேலை பழகினார். பிறகு பெர்லின் அருகே சார்லோட்டன்பர்க்கில் உலோகவியலும் இயந்திரவியலும் படித்தார். அதோடு நிற்காமல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து 1898ல் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே லுட்விக்ஸ்ஹாஃபென் நகரில் இருந்த பி.ஏ.எஸ்.எஃப். என்ற சாய ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

இரும்பும் தெரிந்த, வேதியியலும் தெரிந்த ஆட்கள் அன்று மிகக் குறைவு. போஷ் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு தகுதியின் மேல்தான் நின்றது.

சிலி உப்பு தீர்ந்தால் என்ன செய்வது?

அன்றைய ஐரோப்பிய விவசாயி தழைச்சத்துக்குத் தொழு உரத்தையும் பயறு வகைகளையும் நம்பியிருந்தார். கூடுதலாக வேண்டுமானால் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுப் பாலைவனத்தில் வெட்டி எடுத்த சோடியம் நைட்ரேட் கப்பலில் வர வேண்டும். அதை அதிகம் வாங்கிய நாடுகளில் முதன்மையானது ஜெர்மனி.

1898ல் இங்கிலாந்து விஞ்ஞானி வில்லியம் குரூக்ஸ் ஒரு கணக்கைப் பொதுமேடையில் வைத்தார். கோதுமை உண்ணும் மக்கள் பெருகுகிறார்கள், புதிய நிலம் குறைகிறது, சிலி உப்போ ஒருநாள் தீர்ந்துவிடும், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்க வேதியியலாளர்கள் வழி காணாவிட்டால் பஞ்சம் வரும் என்பது அவர் எச்சரிக்கை. அதன் பிறகு பல நாடுகளில் இந்த வேலை வேகம் பிடித்தது.

1900ல் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் என்ற புகழ்பெற்ற பேராசிரியர், இரும்பை வைத்து நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா செய்துவிட்டதாக பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்திடம் வந்தார். அதைச் சரிபார்க்கும் வேலை, சேர்ந்து ஓராண்டே ஆன போஷிடம் வந்தது. அவர் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். அம்மோனியா வந்தது. ஆனால் அது காற்றிலிருந்து வரவில்லை. பயன்படுத்திய இரும்பிலேயே முன்பு ஒட்டியிருந்த நைட்ரஜன்தான் அம்மோனியாவாக வெளியே வந்தது. அது தீர்ந்ததும் உற்பத்தி நின்றுவிட்டது. பெரிய மனிதர் சொன்னது தவறு என்று எழுதித் தர 26 வயது இளைஞருக்குத் தேவைப்பட்டது சரியான அளவீடு மட்டும்தான்.

உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, வித்தியாசம் எங்கே போனது? வேதிப் பொறியாளர்கள் இதைப் பொருள் சமநிலை என்பார்கள். நாம் வரவு செலவு என்போம். போஷ் வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்வி இதுதான்.

மேசை மேல் சொட்டிய அம்மோனியா

அடுத்த சில ஆண்டுகளில் கார்ல்ஸ்ரூ நகரில் ஃபிரிட்ஸ் ஹேபர் உண்மையான வழியைக் கண்டுபிடித்தார். அதன் அடிப்படை இதுதான்.

ஒரு பங்கு நைட்ரஜனும் மூன்று பங்கு ஹைட்ரஜனும் சேர்ந்தால் இரண்டு பங்கு அம்மோனியா ஆகிறது. நான்கு பங்கு வாயு இரண்டு பங்காகச் சுருங்குகிறது. எனவே அழுத்தம் கொடுத்தால் வேலை நடக்கும். வினையின்போது வெப்பம் வெளிவருகிறது. அதனால் சூடு குறைவாக இருந்தால் அம்மோனியா அதிகம் கிடைக்கும். ஆனால் சூடு குறைந்தால் வினை நத்தை வேகத்தில் நகரும். சூட்டைக் கூட்டினால் வேகம் வரும், விளைச்சல் குறையும். இந்த இழுபறியைச் சமாளிக்க வினையூக்கி என்ற மூன்றாவது பொருள் வேண்டும். அது வினையை விரைவுபடுத்தும், ஆனால் தான் தீர்ந்து போகாது.

1909 ஜூலை 2 அன்று பி.ஏ.எஸ்.எஃப். ஆட்கள் முன்னிலையில் ஹேபரின் சிறு கருவியிலிருந்து அம்மோனியா சொட்டுச் சொட்டாக வந்தது. வினையூக்கி ஆஸ்மியம் என்ற அரிய உலோகம். அழுத்தம் ஏறத்தாழ 200 மடங்கு காற்றழுத்தம். சூடு 500 டிகிரி செல்சியஸுக்கு மேல்.

200 மடங்கு காற்றழுத்தம் என்றால் என்ன? கார் டயரில் இருப்பது இரண்டு மடங்குக்குச் சற்றே அதிகம். 2,000 மீட்டர் ஆழத் தண்ணீரின் அடியில் இருக்கும் அழுத்தம்தான் 200 மடங்கு. அதுவும் இரும்பு சிவக்கும் சூட்டில், எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனோடு. அப்படி ஒரு ஆலை உலகில் எங்கும் இருந்ததில்லை. நிறுவனத்தின் மூத்தவர்கள் தயங்கினார்கள். எஃகுத் தொழில் என்ன செய்யும் என்று தனக்குத் தெரியும், துணிந்து இறங்கலாம் என்று சொன்னவர் போஷ். பொறுப்பும் அவர் தோளுக்கே வந்தது.

மூன்று முடிச்சுகள்

முதல் முடிச்சு வினையூக்கி. ஆஸ்மியம் உலகம் முழுவதும் சேர்த்தே 100 கிலோ அளவில்தான் கிடைத்தது. அதை வைத்து ஆலை ஓட்ட முடியாது. போஷின் உதவியாளர் ஆல்வின் மிட்டாஷ் மலிவான மாற்றைத் தேடி ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்தார். தூய இரும்பு சரியாக வேலை செய்யவில்லை. ஆனால் சுவீடனின் காலிவாரே சுரங்கத்தில் எடுத்த ஒரு காந்தக் கல் அருமையாக வேலை செய்தது. காரணம் தேடியபோது, அந்தக் கல்லில் இரும்போடு கலந்திருந்த சிறு அளவு வேறு பொருட்கள்தான் ரகசியம் என்று தெரிந்தது. இரும்போடு சிறிது அலுமினியம் ஆக்சைடும் பொட்டாசியமும் சேர்த்த கலவை உருவானது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் பெரும்பாலான அம்மோனியா ஆலைகளில் அந்தக் கலவையின் வாரிசுகளே இருக்கின்றன.

இரண்டாவது முடிச்சு வாயு. நைட்ரஜனைக் காற்றைக் குளிரூட்டித் திரவமாக்கிப் பிரித்தார்கள். ஹைட்ரஜனுக்குப் பழுக்கக் காய்ந்த கரியின் மேல் நீராவியைச் செலுத்தினார்கள். அதில் கார்பன் மோனாக்சைடும் கலந்து வரும். கொஞ்சம் தங்கினாலும் அது வினையூக்கியைக் கெடுத்துவிடும். கந்தகமும் அப்படியே. எனவே வாயுவைப் பல கட்டங்களில் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

மூன்றாவது முடிச்சுதான் உயிரை வாங்கியது. வினை நடக்கும் எஃகு உருளைகள் வெடித்தன. கான்கிரீட் அறைக்குள் வைத்துச் சோதித்ததால் ஆட்கள் தப்பினார்கள். முதல் உருளைகள் 80 மணி நேரம் ஓடியதும் பிளந்தன. சுவரைத் தடிமனாக்கியும் பயனில்லை.

உலோகவியல் படித்த போஷ் உடைந்த உருளையை அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தார். எஃகுக்கு வலிமை தருவது அதிலுள்ள கார்பன். அழுத்தமும் சூடும் சேர்ந்து ஹைட்ரஜனை எஃகுச் சுவருக்குள் நுழையச் செய்தன. உள்ளே போன ஹைட்ரஜன் அந்தக் கார்பனோடு சேர்ந்து மீத்தேன் வாயுவாகிவிட்டது. வெளியே முழுதாகத் தெரிந்த எஃகு உள்ளே உளுத்துப் போயிருந்தது. கரையான் தின்ற உத்தரம் போல.

1911ல் போஷ் கண்ட தீர்வு எளிமையானது. உருளையை இரண்டு அடுக்காக்கினார். உள்ளே கார்பன் இல்லாத மெல்லிரும்பு உறை. அதில் ஹைட்ரஜன் தின்ன எதுவும் இல்லை. ஆனால் மெல்லிரும்புக்கு வலிமை இல்லை. எனவே வெளியே வலிமையான எஃகு உருளை அதைத் தாங்கி நிற்கும். உள்ளுறை வழியே கசிந்து வரும் சிறிதளவு ஹைட்ரஜன் எஃகைத் தாக்குவதற்கு முன் வெளியேற, எஃகு முழுவதும் சிறு துளைகள் போட்டார். கசிவை முழுவதும் அடைக்கப் பாடுபடுவதை விட்டு, அது கெடுதல் செய்யாமல் வெளியேற வழி விட்டார். நீர் தேங்கும் வயலுக்கு வடிகால் வெட்டுவதைப் போன்ற யோசனை இது. அந்தத் துளைகள் இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகின்றன.

அளந்தால்தான் ஓடும்

உருளை நிலைத்ததும் ஆலையை இரவும் பகலும் ஓட்டும் வேலை வந்தது. உருளைக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. எனவே அழுத்தம், சூடு, வாயு ஓடும் வேகம், வாயுக் கலவையின் விகிதம் ஆகிய நான்கையும் வெளியிலிருந்தே இடைவிடாமல் அளக்கும் கருவிகள் வேண்டும். பலவற்றைப் போஷின் ஆட்களே புதிதாகச் செய்தார்கள். ஹைட்ரஜனில் ஆக்சிஜன் சிறிது கூடினாலும் வெடிக்கும் என்பதால் அதைக் கண்காணிக்கவும் தனிக் கருவி வைத்தார்கள். குழாய் உடைந்தால் உடனே தானாக மூடிக்கொள்ளும் வால்வுகளும் வந்தன.

இன்னொரு ஏற்பாட்டையும் கவனியுங்கள். ஒரு தடவை உருளை வழியே போகும் வாயுவில் சிறு பங்குதான் அம்மோனியா ஆகும். மீதியை வெளியே விட்டால் நஷ்டம். எனவே அம்மோனியாவைப் பிரித்தெடுத்த பிறகு மீந்த வாயுவைத் திரும்ப உள்ளே அனுப்பினார்கள். வெளியே வரும் சூடான வாயுவைக் கொண்டே உள்ளே போகும் குளிர்ந்த வாயுவைச் சூடாக்கினார்கள். பொருளும் வீணாகாது, வெப்பமும் வீணாகாது. ஹேபரின் மேசைக் கருவியிலேயே இந்தச் சுழற்சி இருந்தது. அதை ஆலை அளவுக்கு ஓட்டிக் காட்டியவர் போஷ்.

லுட்விக்ஸ்ஹாஃபென் அருகே ஒப்பாவ் என்ற ஊரில் கட்டிய ஆலை 1913 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20 டன் அம்மோனியா கிடைத்தது. அதை அம்மோனியம் சல்பேட் உரமாக்கி விற்றார்கள். 1914ல் அதே நிறுவனம் அருகிலிருந்த லிம்பர்கர்ஹோஃபில் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தையும் திறந்தது. உரத்தைச் செய்தால் போதாது, எந்தப் பயிருக்கு எவ்வளவு, எப்போது என்று வயலில் சோதித்துச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் ஆலையோடு ஆலையாகவே பிறந்துவிட்டது.

உரம் வெடிமருந்தானது

அந்த ஆண்டே முதல் உலகப் போர் வந்தது. இங்கிலாந்துக் கடற்படை சிலி உப்புக் கப்பல்களைத் தடுத்தது. வெடிமருந்துக்கும் நைட்ரஜன்தான் மூலப்பொருள். ஜெர்மன் ராணுவத்தின் கையிருப்பு கரைந்தது. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றித் தருவதாகப் போஷ் அரசிடம் ஒப்புக்கொண்டார். 1915ல் ஒப்பாவிலிருந்து வெடிமருந்துக்கான நைட்ரேட் போகத் தொடங்கியது. பிரெஞ்சு விமானங்கள் ஆலையின் மீது குண்டு வீசின. எனவே நாட்டின் உட்பகுதியில் லொய்னா என்ற இடத்தில் இன்னும் பெரிய ஆலை எழுந்தது. அது 1917ல் ஓடத் தொடங்கியது.

வயலுக்கென்று செய்த உரம் போர்முனைக்குப் போனது. இந்த ஆலைகள் இல்லாமலிருந்தால் ஜெர்மனியால் அத்தனை ஆண்டுகள் போரிட்டிருக்க முடியாது என்பது பல வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. போஷின் வாழ்வில் இந்தக் கறை உண்டு. அதை மறைத்து அவரைப் பாராட்டுவது நியாயமில்லை.

போர் முடிந்ததும் 1919ல் வெர்சாய் சமாதானப் பேச்சுக்குப் போன ஜெர்மன் குழுவில் அவரும் இருந்தார். வென்ற நாடுகள் ஆலைகளை இடித்துவிடக் கருதின. பிரான்சிலும் அப்படி ஓர் ஆலை கட்ட உதவுவதாகச் சொல்லி அவற்றை அவர் காப்பாற்றினார்.

1921 செப்டம்பர் 21

அன்று காலை ஏழரை மணிக்கு ஒப்பாவில் ஒரு கிடங்கு வெடித்தது. அதில் அம்மோனியம் சல்பேட்டும் அம்மோனியம் நைட்ரேட்டும் கலந்த உரம் சுமார் 4,500 டன் இருந்தது. அந்தக் கலவை ஈரம் இழுத்துப் பாறை போல இறுகிவிடும். அதை உடைக்க சிறிய வெடி வைப்பது அங்கே வழக்கம். ஆயிரக்கணக்கான முறை அப்படிச் செய்தும் ஒன்றும் ஆனதில்லை. அன்று ஆனது. 561 பேர் இறந்தார்கள். 2,000 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். ஊரின் பெரும்பாலான வீடுகள் தரைமட்டமாயின. 300 கிலோமீட்டர் தள்ளியுள்ள மியூனிக் நகர் வரை சத்தம் கேட்டது.

கலவை மொத்தத்தில் சராசரியாகப் பாதுகாப்பான விகிதத்தில்தான் இருந்தது. ஆனால் உலர்த்தும் முறையை மாற்றியதில் சில இடங்களில் மட்டும் நைட்ரேட் கூடிய திட்டுகள் உருவாகியிருக்க வேண்டும் என்பது பின்னர் ஆராய்ந்தவர்களின் கருத்து. சராசரி சரியாக இருந்தது, இடத்துக்கு இடம் அளக்கவில்லை. எல்லாவற்றையும் அளந்த ஆலையில் அளக்காமல் விட்ட ஒன்று அத்தனை உயிர்களைக் கொண்டு போனது. அப்போது நிறுவனத்தின் தலைவர் போஷ். இறந்தவர்களுக்கு அஞ்சலி உரை நிகழ்த்த வேண்டியவரும் அவரே.

உங்களில் சிலருக்கு இங்கே ஒரு பயம் வரலாம். வீட்டில் வைத்திருக்கும் யூரியா அப்படி வெடிக்காது. அது வேறு பொருள். அம்மோனியம் நைட்ரேட்டுக்கு இந்தியாவில் 2012 முதல் தனிக் கட்டுப்பாட்டு விதிகள் உண்டு.

யூரியா பிறந்தது

விபத்துக்கு அடுத்த ஆண்டு, அதே ஒப்பாவில் ஒரு புதிய உரம் ஆலை அளவில் உற்பத்தியானது. ஹைட்ரஜன் தயாரிக்கும்போது கரியமில வாயு ஏராளமாகக் கழிவாக வரும். அந்தக் கழிவை அம்மோனியாவோடு அழுத்தத்தில் சேர்த்தால் யூரியா கிடைக்கும். இந்த முறைக்குப் போஷும் அவர் சக ஊழியர் வில்ஹெல்ம் மைசரும் காப்புரிமை பெற்றார்கள். இன்றைய யூரியா ஆலைகளின் அடிப்படை அதுதான்.

உங்கள் மூட்டைக்கு வரவு செலவு போட்டுப் பாருங்கள். 25.5 கிலோ அம்மோனியாவும் 33 கிலோ கரியமில வாயுவும் உள்ளே போகின்றன. 45 கிலோ யூரியாவும் 13.5 கிலோ தண்ணீரும் வெளியே வருகின்றன. இரண்டு பக்கமும் 58.5 கிலோ. கணக்கு நேராகிறது.

1925ல் ஜெர்மனியின் பெரிய வேதி நிறுவனங்கள் ஒன்றிணைந்து ஐ.ஜி. ஃபார்பென் ஆனபோது அதற்கும் போஷ் தலைவரானார். நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்கும் வேலையை லொய்னாவில் தொடங்கினார். 1931ல் உயர் அழுத்த வேதித் தொழில்முறைகளுக்காக அவருக்கும் ஃபிரிட்ரிஷ் பெர்கியஸுக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. புதிய பொருளையோ புதிய கோட்பாட்டையோ கண்டுபிடித்தவர்களுக்கே போய்க்கொண்டிருந்த பரிசு, ஆலையை ஓட வைத்த வேலைக்காகக் கொடுக்கப்பட்டது அபூர்வம்.

கடைசி ஆண்டுகள்

வண்டு, பட்டாம்பூச்சி, கனிமக் கற்கள் சேகரிப்பது போஷுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. வீட்டில் சொந்தமாக வானோக்கு நிலையம் வைத்திருந்தார். ஹைடெல்பர்க் நகர உயிரியல் பூங்கா உருவானதும் அவர் முயற்சியால்.

1933ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். போஷ் நாஜிக் கொள்கையை விரும்பியவர் இல்லை. ஆனாலும் அவர் தலைமையிலிருந்த நிறுவனம் அந்த ஆண்டுத் தேர்தலுக்கு நாஜிகளுக்குப் பெருந்தொகை கொடுத்தது. லொய்னா பெட்ரோலுக்கு விலை உத்தரவாதம் கேட்டு அதே அரசுடன் ஒப்பந்தமும் செய்தது. மறுபுறம், யூத விஞ்ஞானிகளை விரட்டினால் ஜெர்மனியின் அறிவியல் அழியும் என்று ஹிட்லரிடமே அவர் எச்சரித்ததாகவும், ஹிட்லர் அதைப் பொருட்படுத்தவில்லை என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. யூதராகப் பிறந்த ஹேபர் நாட்டைவிட்டு வெளியேறி 1934ல் இறந்தார். ஓராண்டு கழித்து பெர்லினில் நடந்த அவருடைய நினைவுக் கூட்டத்துக்குப் போகக் கூடாது என்று அரசு தடுத்தது. போஷ் போனார்.

1939ல் மியூனிக்கில் ஆட்சியை மறைமுகமாகக் குறை சொல்லிப் பேசினார். பொறுப்புகள் பறிபோயின. மனச்சோர்வும் குடியும் உடலைத் தின்றன. 1940 ஏப்ரல் 26 அன்று ஹைடெல்பர்க்கில் இறந்தார். அவர் உருவாக்கிய நிறுவனம் அடுத்த ஆண்டுகளில் ஆஷ்விட்ஸ் வதைமுகாம் கைதிகளைக் கொண்டு ஆலை கட்டிய கொடுமைக்கு உள்ளானது. அதைப் பார்க்க அவர் இல்லை.

நம் ஊருக்கு வந்த முறை

கேரளத்தின் ஆலுவா அருகே உத்யோகமண்டலில் 1947ல் தொடங்கிய ஃபேக்ட் ஆலை, ஹைட்ரஜனுக்கு விறகை எரித்தது. 1951ல் பீகாரின் சிந்திரியில் (இன்று ஜார்க்கண்ட்) அரசு ஆலை வந்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்து யூரியா செய்தார்கள். மணலியிலும் தூத்துக்குடியிலும் முதலில் நாப்தாவைப் பயன்படுத்தினார்கள், இப்போது இயற்கை எரிவாயு. ஹைட்ரஜன் எடுக்கும் பொருள் மாறிக்கொண்டே வந்தது. அழுத்தம், சூடு, இரும்பு வினையூக்கி, மீந்த வாயுவின் சுழற்சி என்ற போஷின் அமைப்பு மாறவில்லை. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் உணவு இன்று இந்த முறையில் பிடித்த நைட்ரஜனை நம்பியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள்.

இதற்கு எரிபொருள் செலவும் பெரிது. ஒரு மூட்டை யூரியாவைச் செய்ய ஆகும் ஆற்றல், வீட்டுச் சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்றரை அளவுக்கு வரும். மானியத்தால் அந்த விலை நம் கண்ணில் படுவதில்லை.

வயலில் என்ன ஆகிறது?

இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த நைட்ரஜனில், நீர் நிற்கும் நெல் வயலில் பயிருக்குப் போவது பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதம்தான். மூட்டையில் உள்ள 20.7 கிலோவில் 6 முதல் 8 கிலோ. கொஞ்சம் மண்ணில் தங்கும். மீதி எங்கே போகிறது?

யூரியா நீரில் கரைந்து சில நாட்களில் அம்மோனியமாக மாறுகிறது. வெயிலும் காற்றும் அதிகம் இருந்தால், தண்ணீர் களர்த் தன்மையுடையதாக இருந்தால், அது அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். வயல் மாறி மாறிக் காய்ந்து நனைந்தால் நைட்ரேட்டாக மாறி, நுண்ணுயிர்களால் மீண்டும் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றுக்கே திரும்பிவிடும். மணற்பாங்கான நிலத்தில் நைட்ரேட் நீரோடு கீழே இறங்கி நிலத்தடி நீரைக் கெடுக்கும்.

எனவே ஆலையில் போஷ் கேட்ட கேள்வியை வயலில் நாம் கேட்க வேண்டும். செய்யக்கூடியவை இவை:

1. நடவுக்கு முன் மண் பரிசோதனை செய்யுங்கள். வயலின் ஒரே மூலையில் மண் எடுக்காதீர்கள். பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்துக் கலந்து அரைக் கிலோ அனுப்புங்கள். மேட்டுப் பகுதி, பள்ளப் பகுதி, உவர்த் திட்டு ஆகியவற்றுக்குத் தனித்தனி மாதிரி எடுங்கள். சராசரி ஏமாற்றும்.

2. தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டாதீர்கள். அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று பிரித்துப் போடுங்கள்.

3. இலை வண்ண அட்டையைப் பயன்படுத்துங்கள். நட்ட 14ஆம் நாள் முதல் பூக்கும் வரை வாரம் ஒரு முறை, காலை 8 முதல் 10 மணிக்குள், உங்கள் நிழல் இலை மேல் விழும்படி நின்று பாருங்கள். முழுதாக விரிந்த மேல் இலையை, பத்துச் செடிகளில் அட்டையோடு ஒப்பிடுங்கள். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் எண் 4க்குக் குறைவாக இருந்தால் (வெள்ளைப் பொன்னிக்கு எண் 3) மேலுரம் இடுங்கள். மழைப் பருவத்தில் ஒரு தடவைக்கு எக்டருக்கு 30 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்கு சுமார் 26 கிலோ யூரியா. பச்சை குறையாவிட்டால் அந்த வாரம் உரம் வேண்டாம்.

4. மேலுரம் இடும் முன் வயலில் தண்ணீரை வடித்து, சேறாக இருக்கும்போது இட்டு, பிறகு நீர் கட்டுங்கள். நடுப்பகல் வெயிலிலும், மழை வரும் அறிகுறி இருக்கும்போதும் இடாதீர்கள்.

5. இப்போது கிடைப்பது வேப்பெண்ணெய் பூசிய யூரியா. அது மண்ணில் மெதுவாக மாறும். அதனால் முன்பு போட்ட அளவையே போட வேண்டிய அவசியமில்லை.

6. தக்கைப்பூண்டு, சணப்பு மடக்கி உழுதாலும், நெல்லுக்குப் பின் உளுந்து விதைத்தாலும், அந்த வரவையும் கணக்கில் எழுதி யூரியாவைக் குறையுங்கள். ரைசோபியம் இந்த வேலைக்கு அழுத்தமும் கேட்பதில்லை, சிலிண்டரும் கேட்பதில்லை.

அதிக யூரியா போட்டுக் கரும்பச்சையான பயிரைத் தேடி இலைசுருட்டுப் புழுவும் புகையானும் வரும், பயிர் சாயும், மருந்துச் செலவு கூடும் என்பது உங்களுக்கே தெரியும். இலை வண்ண அட்டை உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலும் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டால் கிடைக்கும். அடுத்த மேலுரத்துக்கு மூட்டையைப் பிரிக்கும் முன் பத்து இலைகளைப் பார்த்துவிட்டு, போட்ட தேதியையும் அளவையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு பருவம் எழுதினாலே, உங்கள் வயலுக்கு உண்மையில் எத்தனை மூட்டை வேண்டும் என்பது அந்த நோட்டில் தெரியும்.